குளோசர் ஏன் எழுந்து வரவில்லை? பேஸ்பால் சிமுலேஷனில் ரிலீஃப் பிட்சரின் களைப்பை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மதுரையில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் பேஸ்பால் சிமுலேஷன் லீக்கில், சீசன் தொடங்கி ஆறேழு வாரம் ஓடியதும் ஒரே வகைப் புலம்பல் கிளம்பும். "ஏழாவது இன்னிங்ஸ் வரை ஜெயித்துக்கொண்டிருந்தேன் அண்ணே, அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஏமாற்றிவிட்டது" என்பார் திருமங்கலத்துக்காரர். "என் குளோசர் அணியில்தான் இருக்கிறாரா, சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாரா?" என்று கேட்பார் தல்லாகுளத்துத் தம்பி. கம்ப்யூட்டர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டருக்குப் பிறகு பந்து வீச இறங்குபவர்தான் ரிலீஃப் பிட்சர்; அவர்களில், முன்னிலையைக் காத்துக் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பவர் குளோசர். ரிலீஃப் பிட்சரின் களைப்பைக் கம்ப்யூட்டர் இரண்டு தனிக் கணக்குகளாக வைத்திருக்கிறது. நாம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இன்னொன்றில் அடி வாங்குகிறோம்.

முதலாவது, அன்றைய ஆட்டத்தின் கணக்கு. பிட்சர் இந்த ஆட்டத்தில் எத்தனை பந்து வீசினார், அவருடைய ஸ்டாமினா எத்தனை பந்து தாங்கும் என்பது. இரண்டாவது, நாள் தாண்டி வரும் கணக்கு. நேற்றும் முந்தாநாளும் வீசியதன் களைப்பு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஓய்வில் அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. ஸ்டாமினா அதிகம் உள்ளவர் இன்று நீண்ட நேரம் வீசுவார். ஆனால் இன்று நீண்ட நேரம் வீசினார் என்பதாலேயே நாளை கிடைக்காமல் போவார். இந்த இரண்டில் எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி, 1999 முதல் வெளிவரும் அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் போன்ற, முழு சீசனையும் அணி நிர்வாகத்தையும் ஓட்டிக்காட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பொருந்தும். ஹால் ரிச்மன் 1961இல் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் மாதிரியான அட்டை, பகடை விளையாட்டுகளுக்கு வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறும். அறிகுறிகள் அவ்வளவாக மாறுவதில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். இரண்டு ஓவர் போட்டுவிட்டு எல்லைக்கோட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி ஓவருக்குத் திரும்பி வரும் வசதி இங்கே கிடையாது. ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்த பிட்சர் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு ஆள் செலவாகிறார், அவருடைய நாளைய நாளும் சேர்ந்து செலவாகிறது.

அறிகுறி: நன்றாக வீசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சரிந்துவிட்டார்

ஏழாவது இன்னிங்ஸில் மூன்று பேரையும் வரிசையாக வெளியேற்றினார். எட்டாவதிலும் அவரையே விட்டீர்கள். ஒரு வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), ஒரு சிங்கிள் (பேட்டரை முதல் பேஸ் சேர்க்கும் அடி), இன்னொரு வாக், பிறகு சுவரில் மோதும் டபுள் (இரண்டாம் பேஸ் சேர்க்கும் அடி). ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலான பாக்ஸ் ஸ்கோரைத் திறந்து, அவர் எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்பதை விட்டுவிட்டு எத்தனை பந்து வீசினார் என்று பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஒரு இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பதினாறு பந்து போகும். அந்த மூன்று பேட்டர்களும் கோட்டுக்கு வெளியே ஃபவுல் மேல் ஃபவுலாக அடித்து எட்டு எட்டுப் பந்து இழுத்திருந்தால், ஒரு ரன்கூட விடாத அதே இன்னிங்ஸுக்கு 24 பந்து ஆகிவிடும். ஒரு இன்னிங்ஸுக்கென்றே அமைந்த ஆளுக்கு அதற்கு மேல் வீசுவதெல்லாம் தரம் இறங்கிய பந்து. அவருடைய திறன் மதிப்புகளை விளையாட்டு உள்ளுக்குள் குறைத்துக்கொண்டே போகும். திரையில் தெரியும் மதிப்பு மட்டும் பெரும்பாலும் பழையபடியே நிற்கும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒவ்வொரு பந்தாக நீங்களே ஆடுபவராக இருந்தால், ரிலீஃப் பிட்சர் இருபது பந்தைத் தொடும்போது அடுத்தவரைத் தயார் செய்யத் தொடங்குங்கள். கம்ப்யூட்டரே ஆட்டத்தை ஓட்டுகிறது என்றால், பிட்சரைச் சீக்கிரம் மாற்றுவதா, தாமதமாக மாற்றுவதா என்ற உத்தி அமைப்பைப் பாருங்கள். அது 'தாமதம்' பக்கம் தள்ளப்பட்டிருந்தால் இந்தச் சரிவு வாரந்தோறும் வரும். தனி வீரருக்குப் பந்து உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால், ஸ்டாமினா குறைந்தவர்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். எல்லாருக்கும் வைத்துவிடாதீர்கள். ஆளுக்கு இருபது பந்து என்று கட்டிப்போட்டால் ஆறாவது இன்னிங்ஸிலேயே, ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென் காலியாகும்.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் இது இன்னும் வெளிப்படை. ரிலீஃப் பிட்சரின் அட்டையிலேயே அவர் தாங்கும் இன்னிங்ஸ் எண் அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டிய பின் ஹிட்டும் வாக்கும் சேர்ந்தால் அவர் தளர்ந்தவர். அதன்பிறகு அட்டையில் புள்ளியிட்ட அவுட்கள் சிங்கிளாக மாறிவிடும். புள்ளிகளை முன்பே எண்ணிவைத்துக்கொள்ளும் ஆள் எங்கள் வட்டத்தில் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எட்டாவது இன்னிங்ஸில் ஜெயிப்பது கடினம்.

அறிகுறி: குளோசர் பட்டியலில் இருக்கிறார், ஆட்டத்தில் மட்டும் இல்லை

அதிகம் வரும் புகார் இது. ஒன்றுக்கொன்று நேரெதிரான காரணங்கள் ஒரே அறிகுறியைக் காட்டுவதால் குழப்பமும் இதில்தான் அதிகம்.

முதலில் புல்பென் திரையில் அவருடைய கடந்த சில நாள் பந்து எண்ணிக்கையைப் பாருங்கள். செவ்வாய் 18, புதன் 22, வியாழன் 15 என்று இருந்தால் விடை கையில் கிடைத்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய எண். மூன்றும் சேர்ந்தால், மூன்றே நாளில் 55 பந்து. வெள்ளிக்கிழமை ஒரு ரன் முன்னிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரும்போது கம்ப்யூட்டர் மேனேஜர் அவரைத் தாண்டிச் செட்டப் ஆளிடம் (வழக்கமாகக் குளோசருக்கு முந்தைய இன்னிங்ஸை வீசுபவர்) போவார். மேனேஜர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். நிஜ மேஜர் லீக்கிலும் இன்று குளோசரை மூன்று நாள் தொடர்ந்து இறக்கிவிட்டால், நான்காவது நாள் அநேகமாக உட்காரவைத்துவிடுவார்கள். கோடைக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை இரவு ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரை மணிவாக்கில் தொடங்குகிறது. தூக்கம் கெட்டு அதைப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

எண்கள் எல்லாம் பூஜ்ஜியமாக இருந்தால் கதை வேறு. அவர் களைத்திருக்கவில்லை, அவருக்கு வேலை வரவில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் குளோசர் பொறுப்பு என்பது சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்தவருக்குக் கிடைக்கும் கணக்கு) வாய்ப்போடு கட்டப்பட்டது. 1969இல் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமான சேவ், ஒரு முழு இன்னிங்ஸ் வீசும் ஆளுக்கு, முன்னிலை மூன்று ரன்னுக்குள் இருந்தால்தான் கிடைக்கும். உங்கள் அணி வாரம் முழுக்க ஐந்து ரன்னில் ஜெயித்தாலும் சரி, ஆறு ரன்னில் தோற்றாலும் சரி, அவர் புல்பென்னில் உட்கார்ந்தே இருப்பார். சமநிலையில் இருக்கும் வெளியூர் ஆட்டங்களில் இது வயிற்றெரிச்சலைக் கொடுக்கும். பத்தாவது இன்னிங்ஸில் சுமாரான ஆள் ஒருவர் தோற்றுவிட்டு வருவார், சிறந்த கை வராத சேவுக்காகக் காத்திருக்கும்.

"அவரைக் காப்பாற்றி வைத்திருந்தேனே அண்ணே" என்பார் தம்பி. எதற்காகக் காப்பாற்றுகிறோம் என்பதுதான் என் கேள்வி. ஓய்வு ஓர் அளவுக்கு மேல் சேமிப்பாவதில்லை. முழுதும் தேறிய பிட்சரின் களைப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காது. நான்கு நாள் சும்மா இருந்தவரும் எட்டு நாள் சும்மா இருந்தவரும் விளையாட்டின் கணக்கில் ஒன்றுதான். ஆகவே குளோசர் பொறுப்புக்குள் சமநிலை ஆட்டத்திலும் இறக்கலாம், எட்டாவது இன்னிங்ஸிலும் இறக்கலாம் என்ற தெரிவுகள் இருந்தால் திறந்துவிடுங்கள். அப்படித் தெரிவு இல்லாத விளையாட்டில், சிறந்த ஆளைச் செட்டப் பொறுப்பில் வைத்து, இரண்டாவது சிறந்தவரைக் குளோசர் ஆக்குவது என் வழக்கம். சேவ் பட்டியலில் அவர் பெயர் வராது. ஜெயிப்பது யார் என்பது மட்டும் மாறும்.

எங்கள் லீக் மாதிரி, ஏழு நாள் ஆட்டங்களை ஒரே மூச்சில் ஓட்டும் லீக்குகளில் இன்னொரு பொறி இருக்கிறது. உங்கள் அணியின் கம்ப்யூட்டர் கோப்பினை லீக் நடத்துபவருக்கு அனுப்பும் முன் புல்பென் திரையைத் திறக்கிறீர்கள். குளோசர் பெயருக்கு எதிரே களைப்பு சிவப்பில் இருக்கிறது. பதறிப்போய் அவரைப் பொறுப்பிலிருந்து எடுத்து வேறொருவரைப் போடுகிறீர்கள். அந்தச் சிவப்பு முதல் நாளுக்கு மட்டும்தான். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் தேறிவிடுவார். ஆனால் மீதி வாரம் முழுக்க, ஏற்கெனவே கைவிட்டுப் போன ஆட்டங்களை அவர் துடைத்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் நீங்கள் கொடுத்த பொறுப்பு அது. ஒரு நாளின் நிலவரத்தைப் பார்த்து ஒரு வாரத்துக்கான பொறுப்பை மாற்றாதீர்கள். இரண்டாம் பொறுப்பு என்று தனியே ஒரு கட்டம் இருந்தால், செட்டப் ஆளுக்கு அதில் குளோசர் என்று குறித்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். முதலாமவர் களைத்திருக்கும் நாளில் கம்ப்யூட்டர் தானாகவே இவரிடம் வரும்.

அறிகுறி: ஒரு பந்துகூட வீசவில்லை, களைப்பு ஏறியிருக்கிறது

பாக்ஸ் ஸ்கோரில் பெயரே இல்லை, மறுநாள் பார்த்தால் முழுத் தெம்போடும் இல்லை. நீங்களே ஆடிய ஆட்டமா என்று முதலில் யோசியுங்கள். ஆம் என்றால், புல்பென்னில் அவரைச் சூடேற்ற எழுப்பியிருப்பீர்கள், பிறகு உட்காரவைத்திருப்பீர்கள், மறுபடி எழுப்பியிருப்பீர்கள். பயிற்சிப் பந்துகளையும் கணக்கில் சேர்க்கும் விளையாட்டுகள் உண்டு. நிஜத்திலும் அது கைக்குச் சுமைதான்.

மருந்து எளிது. எழுப்பினால் இறக்குங்கள். இறக்கும் எண்ணம் உறுதியாகும் வரை எழுப்பாதீர்கள். இரண்டு பேரை ஒரே சமயத்தில் எழுப்புவது, இடக்கை பேட்டர் வரப்போகும் சிக்கலான கட்டத்துக்கு மட்டும்.

அறிகுறி: மூன்று நாளாக லீக்கே ஓடவில்லை, களைப்பு குறையவில்லை

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, திருவிழா, யார் வீட்டிலாவது கல்யாணம் என்று லீக்கை ஓட்டுவது தள்ளிப்போகும். பிட்சருக்கு அந்த நாட்களால் பயன் எதுவும் இல்லை. விளையாட்டின் நாள்காட்டி நகர்ந்தால்தான் அவர் தேறுவார். சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டாலும் உங்கள் குளோசர் அதே வெள்ளிக்கிழமை இரவில் அதே களைப்போடு உட்கார்ந்திருப்பார்.

இதை வைத்து ஓர் உருப்படியான வேலை செய்யலாம். வரப்போகும் ஓட்டத்தில் விளையாட்டு நாள்காட்டிப்படி ஆட்டம் இல்லாத நாள் எது, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். ஏறத்தாழ ஆறு மாதங்களில் 162 ஆட்டம் என்னும் அட்டவணையில் ஓய்வு நாள் அபூர்வம். அது வியாழக்கிழமை வருகிறது என்றால் புதன்கிழமை குளோசரை இரண்டு இன்னிங்ஸுக்கு விடத் துணியலாம்.

அறிகுறி: ஒருவர் எப்போதும் சிவப்பில், மற்றவர்கள் எப்போதும் பச்சையில்

கம்ப்யூட்டர் மேனேஜருக்கு நல்ல பிட்சர் என்றால் ஆசை அதிகம். நீங்கள் எல்லாருக்கும் மிடில் ரிலீஃப் (நடு இன்னிங்ஸ்களை வீசுவது) என்று ஒரே பொறுப்பைக் கொடுத்திருந்தால், ஒவ்வொரு இரவும் அதில் யார் சிறந்தவரோ அவரைத்தான் முதலில் கூப்பிடும். அலங்காநல்லூரில் சுற்றுச் சுற்றாக வீரர்களை இறக்குவார்கள், நன்றாக மாடு பிடித்தவர்களை அடுத்த சுற்றுக்கு நிறுத்திக்கொள்வார்கள். கடைசிச் சுற்றில் நிற்பவர் காலையிலிருந்து பிடித்து ஓய்ந்தவர். வாடிவாசலில் வருவதோ அன்றைக்கு அப்போதுதான் அவிழ்த்துவிட்ட மாடு. உங்கள் புல்பென்னில் செப்டம்பர் மாதம் நடப்பது அதுதான்.

பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி. குளோசர், செட்டப் ஒருவரோ இருவரோ, மிடில் ரிலீஃப் இருவர், பல இன்னிங்ஸ் தாங்கும் லாங் ரிலீஃப் ஒருவர். பிறகு பலரும் ஏளனமாகப் பார்க்கும் மாப்-அப் ஆள். ஏழு ரன்னில் தோற்கும் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் அடி வாங்கிக்கொண்டு நிற்பது அவர் வேலை. அவருடைய சராசரி அசிங்கமாக இருக்கும். அதைப் பார்த்து அவரைத் துரத்திவிட்டு இன்னொரு 'நல்ல' பிட்சரைக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு மாதத்தில் செட்டப் ஆள் படுத்துவிடுவார். எங்கள் லீக்கில் நான் யாருடைய புல்பென்னைப் பார்த்தாலும் முதலில் தேடுவது மாப்-அப் பொறுப்பில் ஆள் இருக்கிறாரா என்பதைத்தான். பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

டைமண்ட் மைண்ட் பேஸ்பால் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் ஒரே வீரருக்கு ஸ்டார்ட்டராக எவ்வளவு தாங்குவார், ரிலீஃபில் எவ்வளவு தாங்குவார் என்று தனித்தனி மதிப்பு உண்டு. முதலாவதைப் பார்த்துவிட்டு அவரை ரிலீஃபில் போட்டு ஓட்டினால் கணக்கு தப்பும்.

அறிகுறி: புல்பென் முழுவதும் ஒரே வாரத்தில் சிவப்பு

இந்த நிலையில் புல்பென் திரையை மூடிவிடுங்கள். தகராறு அங்கே இல்லை.

2022 முதல் மேஜர் லீக்கில் சீசனின் பெரும்பகுதிக்கு 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் பதின்மூன்று பேருக்கு மேல் கூடாது. ஐந்து ஸ்டார்ட்டர் போக எட்டு ரிலீஃப் பிட்சர். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு அணி சுமார் 145 பந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் 95 பந்து வீசினால் புல்பென்னுக்கு மிச்சம் 50. வாரம் ஆறு ஆட்டம் என்றால் 300 பந்து, எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாற்பதுக்கும் குறைவு. நிம்மதியான வாரம். அதே ஸ்டார்ட்டர்கள் 75 பந்தோடு கிளம்பிவிட்டால் மிச்சம் 70, வாரத்துக்கு 420, ஆளுக்கு ஐம்பதைத் தாண்டும். பங்கீடு ஒருபோதும் சமமாக இருக்காது என்பதால், நல்லவர்கள் நான்கு பேருக்கு எழுபது, எண்பது என்று ஏறும். ஒரு ஸ்டார்ட்டர் ஒரு இன்னிங்ஸ் முன்னதாக வெளியேறுவது ஓர் ஆட்டத்தில் உறைக்காது. ஐந்து பேரும் அதைச் செய்தால் பத்து நாளில் எல்லாரும் விழுந்துவிடுவார்கள்.

ஆகவே முதலில் ஸ்டார்ட்டர்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை இன்னிங்ஸ் வீசுகிறார்கள் என்று பாருங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால், அவர்கள் ஸ்டாமினா குறைந்தவர்களா, நீங்கள் வைத்த உத்தி அவர்களைச் சீக்கிரம் எடுக்கிறதா என்று பிரித்தறியுங்கள். இரண்டாவது என்றால் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. முதலாவது என்றால், அந்த ஐந்தாவது ஸ்டார்ட்டர் அழகான ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எண்ணிக்கை வைத்திருந்தாலும், அவருக்குப் பதில் ஆறு இன்னிங்ஸ் தின்னும் மந்தமான ஆள் ஒருவரைத் தேடுங்கள். எங்கள் லீக்கில் அப்படிப்பட்டவர்களை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. அதனாலேயே மலிவாகக் கிடைப்பார்கள்.

பிறகு தடுப்பாட்டம். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒரு தரைப்பந்தைப் பிடிக்காமல் விட்டால் பிட்சர் இன்னொரு பேட்டருக்கு நாலைந்து பந்து கூடுதலாக வீச வேண்டும். கேட்சரும் சுமாராக இருந்தால் இன்னும் மோசம். புல்பென் களைப்புக்கு மருந்தாக நல்ல ஷார்ட்ஸ்டாப்பை வாங்கச் சொன்னால் சிரிப்பார்கள். வாங்கிப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

மைதானத்தையும் விட்டுவிட வேண்டாம். கொலராடோ ராக்கீஸின் கூர்ஸ் ஃபீல்டு இருக்கும் டென்வர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்து பறக்கும், வளைவுப் பந்து சரியாக வளையாது. அந்த அணியை எடுத்தவர் சொந்த ஊரில் தொடர்ச்சியாக ஆடும் வாரங்களில் லாங் ரிலீஃப் ஆள் இருவரை வைத்துக்கொள்வது அத்தியாவசியம்.

அறிகுறி: ஒரே ஒரு நீண்ட ஆட்டம், அதற்குப் பிறகு ஐந்து தோல்வி

பதினாறு இன்னிங்ஸ் போன ஆட்டம் புல்பென்னைத் துடைத்துவிட்டுப் போகும். உங்கள் லீக் விதியில் கூடுதல் இன்னிங்ஸ் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 2020 முதல் மேஜர் லீக்கின் வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங்ஸ் முதல் இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரை நிறுத்தித்தான் ஆட்டம் தொடங்குகிறது. அதனால் ஆட்டம் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். பழைய சீசன்களை ஓட்டுபவர்களுக்கு அந்தத் தயவு கிடையாது. 1920 மே 1 அன்று புரூக்லினும் பாஸ்டனும் 26 இன்னிங்ஸ் ஆடி 1-1 என்று சமன் செய்தபோது, லியான் கடோர், ஜோ ஒஷ்கர் என்ற இரு ஸ்டார்ட்டர்களே கடைசிவரை வீசினார்கள். உங்கள் சிமுலேஷனில் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

மறுநாளே கீழ்மட்டமான மைனர் லீக்கிலிருந்து புதிய கையை மேலே கொண்டுவாருங்கள். அதற்காகவே, ஆப்ஷன் மிச்சமுள்ள (மைனர் லீக்குக்கு அனுப்பி மறுபடி அழைக்கக்கூடிய) ரிலீஃப் பிட்சர் இருவரையாவது அணியில் வைத்திருப்பது நல்லது. களைத்தவரைக் கீழே அனுப்பினால் இன்றைய விதிப்படி அவர் பதினைந்து நாள் அங்கே இருக்க வேண்டும். காயமடைந்தவருக்கு மாற்றாகத் திரும்புவது மட்டும் விதிவிலக்கு. விளையாட்டில் இந்த விதி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்றால் பேட்டரையே பந்து வீசவைக்கலாம். 2023 முதல் அதற்கும் வரையறை வந்துவிட்டது: எட்டு ரன் அல்லது அதற்கு மேல் பின்தங்கியிருக்க வேண்டும், அல்லது ஒன்பதாவது இன்னிங்ஸில் பத்து ரன் முன்னிலை வேண்டும், அல்லது கூடுதல் இன்னிங்ஸாக இருக்க வேண்டும்.

அறிகுறி: பழைய காலத்துப் பெரிய வீரர் இரண்டு நாளில் படுத்துவிட்டார், அல்லது படுக்கவே மாட்டேன் என்கிறார்

மைக் மார்ஷல் 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்காக 106 ஆட்டங்களில் இறங்கி 208⅓ இன்னிங்ஸ் வீசினார். எல்லாமே ரிலீஃபில். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அந்த ஆண்டு அவருக்கு. ரிலீஃப் பிட்சர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. இடையில் 13 ஆட்டங்கள் தொடர்ச்சியாக இறங்கினார். 1990இல் ஓக்லாந்தில் மேனேஜர் டோனி லருசாவின் கீழ் டென்னிஸ் எக்கர்ஸ்லி 63 ஆட்டங்களில் 73⅓ இன்னிங்ஸ் மட்டும் வீசி 48 சேவ் எடுத்தார். இருவரும் ரிலீஃப் பிட்சர்கள். அவர்களைப் பயன்படுத்திய விதத்தில் இருந்த தூரம் அவ்வளவு.

பழைய வீரர்களைக் கொண்டுவரும்போது விளையாட்டு அவர்கள் நிஜத்தில் வீசிய இன்னிங்ஸைப் பார்த்து ஸ்டாமினாவை வருவிக்கும். ஆனால் நாள் தாண்டித் தேறும் வேகமும், கம்ப்யூட்டர் மேனேஜர் எத்தனை பேரை இறக்குகிறார் என்பதும் லீக் அமைப்பில் தேர்ந்தெடுத்த காலத்தைப் பொறுத்தவை. 1974 வீரர்களை இன்றைய பயன்பாட்டு அமைப்பில் ஓட்டினால் மார்ஷல் எழுபது இன்னிங்ஸ் வீசும் சாதாரண ஆளாகிவிடுவார். லீக் நடத்துபவரிடம் சொல்லிக் காலத்தைச் சரிசெய்வதுதான் தீர்வு. உங்கள் அணிக்குள் என்ன மாற்றினாலும் பயன் இல்லை. அட்டை விளையாட்டில் வழி வேறு: அட்டைக்கு நாள் ஞாபகம் கிடையாது என்பதால், நிஜத்தில் வீசிய இன்னிங்ஸுக்கு மேல் சீசனில் பயன்படுத்தக் கூடாது என்று பல லீக்குகள் தாங்களே விதி வைத்துக்கொள்கின்றன. அப்படி விதி இல்லாத இடத்தில், முப்பது இன்னிங்ஸ் மட்டும் அற்புதமாக வீசிய யாரோ ஒருவர் நூறு இன்னிங்ஸ் வீசிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்.

அறிகுறி: களைத்தவரை இறக்கினேன், காயம் பட்டுவிட்டது

காயத்தை இயக்கியிருக்கும் லீக்குகளில் களைப்பும் காயமும் சேர்ந்தே வரும். காயவாய்ப்பு அதிகம் என்று குறித்திருக்கும் பிட்சரைக் களைப்போடு இறக்குவது ஓர் ஆட்டத்துக்காக ஒரு சீசனைப் பணயம் வைப்பது. வழக்கமான சீசனில் வேண்டாம்.

பிளேஆஃபில் என் பதில் மாறும். மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2014இன் ஏழாவது ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மேடிசன் பம்கார்னர், இரண்டு நாள் ஓய்வில் ரிலீஃபில் வந்து 68 பந்துகளில் ஐந்து இன்னிங்ஸ் வீசி முடித்தார். 2001இல் ராண்டி ஜான்சன் ஆறாவது ஆட்டத்தில் 104 பந்து வீசிவிட்டு மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் ரிலீஃபில் வந்து ஜெயித்தார். நாளைய ஆட்டம் என்று ஒன்று இல்லாதபோது இரண்டாவது கணக்கைப் பார்க்க அவசியமில்லை. ஓரளவு களைத்த அபாரமான பிட்சர், முழுத் தெம்புள்ள சுமாரான பிட்சரைவிட இன்னும் மேலானவராகவே இருக்கலாம். அதற்கு முந்தைய ஆட்டங்களில் மட்டும் நிதானமாக இருங்கள்.

அறிகுறி: முழுத் தெம்போடு இருக்கிறார், அப்படியும் அடி வாங்குகிறார்

இது களைப்பு இல்லை. பந்து எண்ணிக்கை குறைவு, கடந்த நாட்கள் பூஜ்ஜியம், களைப்புக் காட்டி பச்சை. அப்படியானால் பிட்சரின் கையை விட்டுவிட்டு எதிரில் நின்ற பேட்டர்களின் கையைப் பாருங்கள். 2020இல் வந்த விதிப்படி, இறங்கும் பிட்சர் இன்னிங்ஸ் முடிந்தால் தவிரக் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்தித்தாக வேண்டும். ஒரே ஒரு இடக்கை பேட்டருக்காகக் கூப்பிட்ட இடக்கை நிபுணர், அவரை வெளியேற்றிவிட்டு அடுத்த இரண்டு வலக்கைக்காரர்களிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பார். வலக்கை பேட்டருக்கு எதிராக அவருடைய மதிப்பைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே தெரியும். அவரை மிடில் ரிலீஃபிலிருந்து எடுத்து, நிபுணர் பொறுப்பு இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் இடக்கைக்காரர்கள் நிறைந்த அணி எதிரே வரும் வாரத்துக்கு மட்டும் மேலே கொண்டுவாருங்கள்.

இரு கைக்கும் மதிப்பு நன்றாகவே இருந்தால், அவர் சீசனில் எத்தனை இன்னிங்ஸ் வீசியிருக்கிறார் என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு இன்னிங்ஸில் ரிலீஃப் பிட்சரின் சராசரிக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரே ஒரு மோசமான இரவு அதை இரட்டிப்பாக்கிவிடும். ஸ்ட்ரைக்-அவுட், வாக் எண்ணிக்கைகள் வழக்கம்போல இருந்தால் பொறுப்பை மாற்றாமல், லீக்கை இன்னும் இரண்டு முறை ஓட்டும் வரை விட்டுவையுங்கள். வாக் மட்டும் கூடிக்கொண்டே போனால் அவருடைய மதிப்பே இறங்கியிருக்கலாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறதா, புதிய ஸ்கவுட்டிங் அறிக்கை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கோப்பு அனுப்பும் முன் வேறு அணிக்காரர் யாராவது பழைய பெயரை நம்பி விலை கேட்கிறாரா என்று விசாரியுங்கள்.